‘இன்னும் நூறு அடி’ என்கிற நம்பிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நல்லதையே நினைத்தால் நல்லதே நடக்கும் என்ற பொருளில் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாதி நிறைந்த டம்ளர் படமும் போட்டிருந்தீர்கள். கொங்கு நாட்டில் பாதித் தண்ணீர் நிற்கிற கிணற்றைக் காட்டினால், பாதி நிறைந்ததா பாதி காலியா என்று யாரும் கேட்க மாட்டார்கள். "ஊறுதா, இறங்குதா?" என்றுதான் கேட்பார்கள். கட்டுரை அந்தக் கேள்விக்கே வரவில்லை.

நம்பிக்கைக்காரர், அவநம்பிக்கைக்காரர் என்று ஆளைப் பிரித்து, முன்னவருக்குக் கைதட்டிப் பின்னவருக்குப் புத்தி சொல்வது வழக்கமாகிவிட்டது. நம்பிக்கை மனப்பான்மையை ஆராய்ந்தே பெயர் வாங்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன்கூட எல்லா இடத்திலும் நம்பிக்கையோடு இருங்கள் என்று சொல்லவில்லை. காரியம் தவறினால் என்ன விலை கொடுக்க வேண்டி வரும் என்று முதலில் பார்க்கச் சொன்னார். விலை சிறிதென்றால் துணிந்து இறங்கலாம். பெரிதென்றால் அங்கே நம்பிக்கைக்கு வேலையில்லை. விமானத்தில் படிந்த பனியை இன்னொரு தடவை சுரண்டுவதா வேண்டாமா என்று யோசிக்கிற விமானி ‘ஒன்றும் ஆகாது’ என்று நினைக்கக் கூடாது என்பது அவர் காட்டிய உதாரணம்.

எங்கள் பக்கம் இது தலைகீழாக நடக்கிறது. போனால் திரும்பாத பணத்தைப் போடும்போது நம்பிக்கை பொங்குகிறது. பத்து சென்ட்டில் செய்து பார்த்துவிடக் கூடிய காரியத்துக்கு "அட, அதெல்லாம் நமக்கு ஆகாதுங்க" என்கிறோம்.

போர், அதாவது ஆழ்துளைக் கிணறு போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். திருச்செங்கோட்டு வண்டிகள் நாடு முழுக்கப் போய்த் துளை போடுகின்றன. அந்தத் தொழில் தெரிந்த ஊர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் நம் தோட்டங்களில் நடப்பது என்ன? சாயங்காலம் வண்டி வந்து நிற்கும். மேல்மண் சரியாமல் இருக்கக் கேசிங் பைப் இறக்கி, பாறை பிடித்ததும் ஓட்டத் தொடங்குவார்கள். 400 அடி, 500 அடி, வெறும் புகை. துளைக்கிற கம்பி (ராடு) ஒன்று இறங்கும்போதெல்லாம் ஒரு கை தூளை அள்ளி வரிசையாகக் குவித்து வைத்திருப்பார்கள். வெள்ளைத் தூள் கொஞ்சம் கறுத்தால், "கல்லு மாறுதுங்க" என்று ஒருவர் சொல்வார். சுற்றி நிற்கிற பங்காளி, மாமன் மச்சான் எல்லோரும் தலையாட்டுவார்கள். "இன்னும் நூறு அடி பார்த்துரலாமுங்க." 700-லும் அதே பேச்சு, 900-லும் அதே பேச்சு.

அந்த நூறு அடியின் கணக்கைப் பாருங்கள். எங்கள் தரைக்கு அடியில் பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் போன்ற கடும்பாறைதான். மணல் பூமியைப் போல இந்தப் பாறைக்குள் தண்ணீர் ஊறி நிற்க இடம் கிடையாது. மேலே இற்றுப்போன பகுதியிலும், அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் நிற்கும். ஆழம் போகப் போக மேல்பாறையின் பாரத்தில் வெடிப்புகள் இறுகும். எண்ணிக்கையும் பொதுவாகக் குறையும். வண்டி வாடகையோ முதல் சில நூறு அடிகளுக்கு ஒரு ரேட், பிறகு நூறு அடிக்கு நூறு அடி ஏறுகிற ரேட். ஆக, ஒவ்வொரு நூறு அடிக்கும் முந்தையதைவிட விலை அதிகம், வாய்ப்பு குறைவு. அப்படியே 1,000 அடியில் கிடைத்தாலும் அதற்கேற்ற குதிரைத்திறன் மோட்டார், பைப், கேபிள் என்று இன்னொரு செலவு காத்திருக்கும். அந்த ஆழத்து வெடிப்பில் நிற்பது மழையால் மறுபடி ஊறாத பழைய தண்ணீராக இருந்தால் சித்திரை வரைக்கும்கூட வராது.

இது தெரியாதவர்கள் இல்லை. ஆனாலும் ஏன் நிறுத்த முடிவதில்லை என்றால், "இவ்வளவு போட்டது வீணாயிருமே" என்ற நினைப்புதான். போட்டது போட்டதுதான், நிறுத்தினாலும் அது திரும்பாது, ஓட்டினாலும் திரும்பாது. கேட்க வேண்டியது அடுத்த நூறு அடிக்கு மட்டும் உண்டான கேள்வி: அந்தச் செலவுக்கு ஏற்ற வாய்ப்பு இருக்கிறதா? அதை இராத்திரி பத்து மணிக்கு, கம்ப்ரசர் சத்தத்தில், பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாராலும் கேட்க முடியாது. அதனால் முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிவிட வேண்டும்: எத்தனை அடியோடு நிறுத்துவது, மொத்தம் எத்தனை ரூபாய், எந்த அறிகுறி தெரிந்தால் மட்டும் கூடுதலாகப் போவது, அதுவும் எத்தனை அடி. தாளைத் துளை போடும் இடத்தில் நிற்காத ஒருவரிடம், வீட்டு அம்மாவிடமே கொடுத்து வைப்பது நல்லது. போனில் அவர் "வேண்டாம்" என்றால் வண்டி நிற்க வேண்டும்.

அந்தத் தாளில் இன்னொன்றும் இருக்க வேண்டும். அரைக் கிலோமீட்டர் வட்டத்தில் போட்ட போர்கள் அத்தனையும்: ஆழம், எத்தனையாவது அடியில் தண்ணீர், இப்போது ஓடுகிறதா. ஓடுகிற போரைப் பற்றி ஊரே பேசும். காய்ந்த போர் புதருக்குள் கிடக்கும். சொந்தக்காரரே பேச மாட்டார். தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தி நீரோட்டம் பார்ப்பவர் தனக்குப் பலித்த இடங்களை மட்டும்தான் சொல்வார். நிலத்தின் மின்தடையை அளக்கிற ரெசிஸ்டிவிட்டி மீட்டர் வைத்துப் பார்ப்பவரிடமும் கேட்க வேண்டியது அதே கேள்விதான்: நீங்கள் காட்டிக் கிடைக்காமல் போனது எத்தனை?

தண்ணீர் வந்துவிட்டாலும் நம்பிக்கை கணக்கைக் கெடுக்கும். "ரெண்டு இஞ்சுத் தண்ணி" என்று சந்தோஷத்தில் சொல்கிறோமே, அந்த இஞ்சு வி-நாட்ச் தகட்டில், அதாவது தண்ணீர் அளக்க V வடிவில் வெட்டிய தகட்டில், தண்ணீர் ஓடுகிற உயரம். 90 பாகை வெட்டில் ஒரு இஞ்சு உயரம் ஓடினால் நிமிஷத்துக்குச் சுமார் எட்டரை லிட்டர்தான். இரண்டு இஞ்சு என்றால் அது பதினேழு ஆகாது, ஏறக்குறைய 48 லிட்டர். மூன்று இஞ்சு, 130-க்கு மேல். உயரம் இரட்டித்தால் தண்ணீர் ஐந்தரை மடங்குக்கு மேல் கூடும். ஆகவே ஒன்றேகாலை ஒன்றரை என்று கண்ணால் மதிப்பிட்டாலே ஒன்றரை மடங்குக்கு மேல் பிசகிவிடும். கம்ப்ரசர் அடித்துத் தள்ளும்போது வருகிற தண்ணீர் துளைக்குள் தேங்கியிருந்ததும் சேர்ந்தது. மோட்டார் இறக்கிச் சில மணி நேரம் விடாமல் ஓட்டி, 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை நொடி என்று அரைமணிக்கு ஒருமுறை குறித்துக்கொண்டு வந்தால், எந்த எண்ணில் நிலைக்கிறதோ அதுதான் உங்கள் தண்ணீர். அதைப் பார்க்காமல் வாழைக்கன்றுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

காய்ந்துபோன துளையை "போச்சு" என்று அப்படியே விட்டுவருவது அவநம்பிக்கையின் மிக மோசமான வடிவம். வண்டி கிளம்பும் முன்பே வாயை இரும்பு மூடியால் வெல்டு வைத்து அடைக்க வேண்டும். இனி வேண்டவே வேண்டாம் என்றால், உச்ச நீதிமன்றம் 2010-ல் வகுத்த நெறிமுறைப்படி அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், கல், துளைத் தூள் போட்டு நிரப்பிவிட வேண்டும்.

மஞ்சளில் இதே கூத்து வருடக்கணக்கில் நடக்கிறது. 2010-ல் ஈரோட்டில் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது. 2012 தொடக்கத்தில் 5,000-க்கும் கீழே வந்தது. உச்சத்தைப் பார்த்துவிட்ட கண்ணுக்கு 5,000 என்பது விலையாகவே தெரியாது. "ஏறுமுங்க" என்று குடோனில் அடுக்கினார்கள். 2023-ல் விலை மறுபடி 10,000-ஐத் தாண்டியதும், "பார்த்தீங்களா, ஏறிருச்சு" என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2012-ல் 5,000-க்கு விற்று, 12 சதவீத வட்டிக் கடனில் ஒரு பகுதியை அடைத்திருந்தால், பதினோரு ஆண்டுக்குத் தனிவட்டியாகவே 6,600 ரூபாய் மிச்சம். அதாவது 2023-ல் 11,600-க்கு விற்றால்தான் 2012-ல் 5,000-க்கு விற்றதற்குச் சமம். குடோன் வாடகை, பூச்சி அரிப்பு, எடைக் குறைவு எதையும் இதில் சேர்க்கவில்லை.

எல்லாவற்றையும் அன்றைக்கே தள்ளிவிடுங்கள் என்று சொல்லவில்லை. பயந்து விற்பதும் நஷ்டம்தான். வேகவைத்துக் காயப்போடும்போதே பாகம் பிரித்துவிடலாம். ஒரு பாகம் கடனுக்கும் அடுத்த பட்டத்து விதைமஞ்சளுக்கும். அது விலை பார்க்காமல் விற்கப்படும். ஒரு பாகம் இன்ன விலை வந்தால் அல்லது ஆவணி முடிந்தால், எது முந்தியதோ அன்றைக்கு. மீதிப் பாகத்தில் வேண்டுமானால் நம்பிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூட்டையின் மீது மாதச் செலவை எழுதி ஒட்டுங்கள். குவிண்டால் 8,000 என்றால் 12 சதவீதத்தில் மாத வட்டி மட்டும் 80 ரூபாய்.

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்ற பழமொழியை இந்த இடத்தில் யாராவது எடுத்துக்கொண்டு வருவார்கள். கணக்குப் பார்த்ததால் உழக்கு காணாமல் போவதில்லை. மிஞ்சவில்லை என்பது அப்போதுதான் கண்ணில் படுகிறது.

ஈமு கோழி விவகாரத்தை விளக்கத் தேவையில்லை. முன்பணம் கட்டிச் சேருகிறவருக்குக் குஞ்சு, தீவனம், மாதாமாதம் பராமரிப்புப் பணம், வளர்ந்ததும் நாங்களே எடுத்துக்கொள்வோம் என்ற ஒப்பந்தம் எல்லாம் இருந்தன. 2012-ல் பெருந்துறைப் பக்கம் அது சரிந்தபோது போனது வீட்டுப் பத்திரமும் மகள் நகையும். "இந்தக் கறி ஈரோட்டில் எந்தக் கடையில் கிலோ என்ன விலைக்கு விற்கிறது?" என்ற ஒரே கேள்வி போதுமாக இருந்திருக்கும். வளர்ப்பவருக்கு வருகிற பணம் கறி தின்பவரிடமிருந்து வராமல், அடுத்துச் சேருகிறவரிடமிருந்து வந்தால், சேருகிறவர் நின்ற மாதமே எல்லாம் நிற்கும். அந்தக் கேள்வியைக் கேட்ட ஓரிருவரை "எதிலும் குறை காண்கிறவன்" என்று அப்போது சொன்னார்கள்.

இத்தனைக்கும் சந்தேகப்படுவது நமக்குப் புதிதில்லை. காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தைப் பாருங்கள். சுற்றிலும் முள்கிளுவை வேலி. தரையில் கொழுக்கட்டைப் புல். ஊடே வெள்வேல மரம். மழை பெய்தால் புல், கோடையில் புல் கருகினால் வேலங்காய் உதிரும், அதைத் தின்று மாடு பிழைக்கும். காட்டை வேலி போட்டுப் பிரித்து, ஒன்றில் மாடு மேயும்போது மற்றதில் புல் எழும்பட்டும் என்று விடுவார்கள். மலைக்குக் கிழக்கே மழை மறைவில் கிடக்கிற பூமியில், மழை பொய்க்கும் என்பதையே முதல் கணக்காக வைத்து அமைத்த காடு அது. அதை உண்டாக்கியவர்களை எந்த ஞாயிறு இணைப்பும் நம்பிக்கைக்காரர் பட்டியலில் சேர்க்காது.

இனி மறுபக்கம். 2016-லிருந்து பொள்ளாச்சி வட்டாரத்துத் தென்னையில் சுருள் வெள்ளை ஈ. ஓலை முழுக்கக் கரும்பூசணம் படர்ந்து தோப்பே கரிபிடித்தாற்போல் ஆனதும் "தென்னை முடிஞ்சுது" என்றார்கள். முடிந்தது என்று நினைப்பவர் இரண்டில் ஒன்றைச் செய்வார்: ஒன்றுமே செய்யாமல் விடுவார், அல்லது கையில் கிடைத்த மருந்தையெல்லாம் அடிப்பார். இரண்டாவதுதான் கெடுதல் அதிகம். அந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அழிக்கிற என்கார்சியா என்ற சிறு குளவி தானாகவே தோப்பில் பெருகும்; கடும் மருந்து ஈயைவிட முன்னதாக அதைக் கொன்றுவிடும். கரும்பூசணம் ஓலைக்குள் இறங்குகிற நோய் கிடையாது. ஈ விடுகிற இனிப்புக் கசிவின் மேல் வளர்கிற படலம்தான். லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சிக் கரைத்துத் தெளித்தால் காய்ந்து செதிலாக உரிந்து விழும். மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்திடையே கட்டினால் ஈ ஒட்டும். குளவி இருக்கும் தோப்பிலிருந்து ஓலைத் துண்டை வெட்டி வந்து உங்கள் மரத்தில் சொருகலாம். இதில் தவறினால் போவது கொஞ்சம் மைதாவும் இரண்டு நாள் கூலியும். இங்கேதான் துணிச்சல் வேண்டும், இங்கேதான் கைவிடுகிறோம். மண் பரிசோதனை, சொட்டுநீரில் ஒரு வரிசை மாற்றிப் பார்ப்பது, புது ரகத்தைப் பத்து சென்ட்டில் போட்டுப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் கசக்கிறது. பிளஸ் டூ கணக்கில் 35 வேண்டிய இடத்தில் 28 எடுத்த பையனை, விருந்தாளி முன்னாலேயே "இவனுக்குப் படிப்பு ஏறாதுங்க" என்கிறோம். செலிக்மன் ஆராய்ந்த பேச்சு வகை இதுதான். ஒரு தோல்விக்குக் காரணம் சொல்லும்போது மூன்று விஷயம் அதில் ஒளிந்திருக்கும்: இது எப்போதுமா, இந்த ஒருமுறையா; எல்லாவற்றிலுமா, இந்த ஒன்றிலா; இவனாலேயா, வேறு காரணமும் உண்டா. "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்பது மூன்றுக்கும் மோசமான பதிலை மூன்று சொல்லில் சொல்லிவிடுகிறது. அந்தப் பேச்சைப் பையன் மனப்பாடம் செய்துகொள்வான். விடைத்தாள் நகல் வாங்கி, எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் போனது என்று பிரித்தால் "வகையீட்டில் எழுதவே இல்லை, பத்து போச்சு" என்று வரும். துணைத்தேர்வு வருவதற்குள் அந்த ஒரு பாடத்தை முடித்துவிடலாம். இதில் பொய்யான ஆறுதல் எதுவும் இல்லை. 28 என்பது 28-தான்.

திருப்பூரில் ஒரே ஆளிடம் இரண்டு குணத்தையும் பார்க்கலாம். பத்தாயிரம் டி-ஷர்ட் ஆர்டருக்குக் கட்டிங் மாஸ்டர் சேதம் போகும் என்று சில சதவீதம் கூடவே வெட்டுவார், நல்ல சந்தேகம். அதே கம்பெனியில் டெலிவரி தேதி சொல்லும்போது நிட்டிங் இத்தனை நாள், டையிங் இத்தனை, காம்பாக்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொன்றுக்கும் எல்லாம் சரியாக நடந்தால் ஆகிற நாளைக் கூட்டிச் சொல்வார்கள். எல்லாம் சரியாக நடக்கிற ஆர்டர் ஒன்றுகூட வந்திராது. கடைசி ஐந்து ஆர்டருக்கு நூல் வந்த நாளிலிருந்து கன்டெய்னர் ஏறிய நாள் வரை உண்மையில் எத்தனை நாள் ஆனது என்று பழைய பில்லைப் புரட்டினாலே தேதி கிடைத்துவிடும். ஆளுக்குத் தைரியம் போதாததால் சரக்கு தாமதமாவதில்லை.

பெரிய முடிவுக்கு முன் வீட்டில் செய்யக் கூடிய ஒரு பயிற்சி உண்டு. கேரி கிளைன் என்ற உளவியலாளர் 2007-ல் கம்பெனிகளுக்காக எழுதியது. நம் திண்ணைக்கும் பொருந்தும். "அடுத்த தை மாசம். நாம எடுத்த இந்தக் காரியம் அடியோட தோத்துப் போச்சு. ஏன்?" என்று கேட்டு, ஆளுக்கொரு தாள் கொடுத்து ஐந்து நிமிஷம் தனித்தனியாக எழுதச் சொல்ல வேண்டும். ‘தோற்குமா’ என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் பெரியவர் முகத்தைப் பார்த்து எல்லோரும் "தோற்காதுங்க மாமா" என்பார்கள். தோற்றுவிட்டது என்று சொல்லியாகிவிட்டால் காரணம் சொல்வது கெட்டிக்காரத்தனம், அபசகுனம் ஆகாது. வாசிக்கும்போது கடைசி மருமகளிலிருந்து தொடங்க வேண்டும், வீட்டுப் பெரியவர் கடைசியில். அவர் முதலில் பேசிவிட்டால் மற்ற தாள்கள் மடிந்துவிடும். வருகிற காரணங்களில் இரண்டுக்கு மட்டும் மாற்று ஏற்பாடு எழுதினாலே போதும்.

வீட்டில் எதற்கும் "கெட்டுப்போச்சுன்னா?" என்று கேட்கிற ஒருவர் இருப்பார். அவரைச் சிரிக்கச் சொல்லாதீர்கள். ஜூலி நோரம், நான்சி கான்டர் இருவரும் 1986-ல் வெளியிட்ட ஆய்வு, கெட்டதை முன்கூட்டி நினைத்துத் தயாராகிறவர்களுக்கு "நீ நன்றாகச் செய்வாய்" என்று தைரியம் சொன்னபோது அவர்கள், அதே குணமுள்ள, அப்படித் தைரியம் சொல்லப்படாதவர்களைவிட மோசமாகச் செய்ததைக் காட்டியது. அவருக்குப் பயம்தான் எரிபொருள். கெட்டதை நினைத்துவிட்டுத் தயாரிப்பில் இறங்குகிறாரா, படுத்துக்கொள்கிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

படுத்துக்கொள்கிறவர் விஷயம் வேறு. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் "எல்லாம் போச்சு" என்கிறவரிடம் உங்கள் கட்டுரையை நீட்டுவது கொடுமை. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அந்த வீட்டில் பூச்சிமருந்தை உடனே பூட்டி, சாவியை வேறு வீட்டில் கொடுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ‘அரை ஏக்கரில் மூன்று லட்சம் லாபம்’ வகைக் கட்டுரைகள் உங்கள் வேளாண் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. அடுத்த முறை அதோடு நான்கு வரி சேர்த்துப் போடுங்கள். வீட்டு ஆள் கூலியையும் கூட்டி மொத்தச் செலவு எவ்வளவு. எத்தனை வருடமாகச் செய்கிறார். மிக மோசமான வருடத்தில் கையில் நின்றது எவ்வளவு. அதே ஊரில் அதே பயிரைப் போட்டு விட்டுவிட்டவர் எத்தனை பேர். நான்காவது வரிக்குச் செய்தியாளர் பக்கத்துத் தோட்டத்துக்கும் ஒரு நடை போக வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்.